நாற்பது சொட்டு

எங்கள் வீட்டு மீன் தொட்டி, மீன் விடத் தயாராக முப்பத்தாறு நாள் ஆனது. கண்ணாடித் தொட்டியை வாங்கி, தண்ணீர் நிரப்பி, விளக்கைப் போட்டு, அன்று மாலையே மீனை விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் மேடம். மேசை மேல் இருக்கும் உங்கள் உருண்டைக் கிண்ணத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரே ஒரு தங்க மீன். தினமும் காலையில் வந்ததும் பழைய தண்ணீரைச் சுத்தமாகக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன், இதைப் பார்த்தால் குழந்தைகளுக்கு மனசு லேசாகும் என்று சொன்னீர்கள். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மீனை மாற்றுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் குழந்தைக்கு மனநல ஆலோசனை தர, வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அரை மணி நேரம் உங்களிடம் பேச வேண்டும் என்றீர்கள். அண்ணன் வந்து பேசிவிட்டார். அண்ணியும் பேசிவிட்டார். இன்று என் முறை. அண்ணன் மகள் ஜன்னலோரம் அந்தச் சின்ன மேசையில் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருக்கிறாள். "நீங்க பக்கத்துல இருந்தா அவ கொஞ்சம் அமைதியா இருக்கான்னு அப்பா சொன்னாரு, அதனால இங்கேயே இருக்கட்டும்" என்றீர்கள். இருக்கட்டும்.

அவளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து தூக்கத்தில் கண் சொருகும்வரை பேசுவாள். பல் தேய்க்கும்போதும் பேசுவாள். அவள் பேச்சை நிறுத்தி இன்றோடு அறுபத்து மூன்று நாள்.

அதற்கு முன்பு வீட்டில் ஊமை என்ற பெயர் எனக்குத்தான் இருந்தது. அண்ணன் என்னை ஊமைக்கோட்டான் என்பார். கோபமாக அல்ல, விருந்தாளிகள் வந்தால் சிரிக்க வைப்பதற்காக. நான் வேதியியல் படித்தவள். நகரக் குடிநீர் அலுவலகத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் பதினொரு தெருக்களிலிருந்து தண்ணீர் மாதிரி வரும். அதில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அண்ணன் ஒரு டயர் கடையில் மேலாளர். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "குழாய்த் தண்ணி வருதா வரலையான்னு பாத்துச் சொல்வா" என்பார். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஆறு வருடமாக அதற்கு மேல் ஒரு வரி புரிந்துகொள்ள அவர் முயலவில்லை.

தொட்டி அண்ணனின் நண்பர் ஒருவர் வீடு மாறும்போது வேண்டாம் என்று கொடுத்தது. மூன்று அடி நீளம். இரண்டு ஆட்கள் தூக்கி வந்து கூடத்தில் வைத்தபோது அதில் வறண்ட பாசி நாற்றம் அடித்தது. கண்ணாடியில் பழைய தண்ணீர் நின்ற மட்டம் வரை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அண்ணி பாத்திரம் கழுவும் சோப்பையும் கம்பி நாரையும் எடுத்து வந்தார். சோப்பு போகக் கூடாது, எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் இருக்கும், கம்பி நார் கண்ணாடியைக் கீறும் என்று நான் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அவருடைய சுத்தத்தையே குறை சொல்லிவிட்டது போல இருந்தது.

"அழுக்கக் கழுவாதேன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றார் அண்ணன்.

வினிகரில் நனைத்த துணியை அந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டேன். பிறகு பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினேன். சுலபமாக வந்தது. அடியில் செய்தித்தாள் விரித்து, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். மணலைப் பதினொரு தடவை அலசினேன். பன்னிரண்டாம் தடவை தேவைப்படவில்லை. பில்டரைப் பொருத்தி, கற்களை அடுக்கி, தண்ணீர் விட்டு, மீன் இல்லாமல் ஓட விட்டேன்.

அங்கேதான் இவர்கள் யாருக்கும் பொறுமை இல்லாமல் போனது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனையே கொல்லும். அதைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டர் ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும். அதற்கு வாரக் கணக்கில் ஆகும். தினமும் துளி அம்மோனியா விட்டு, மாலையில் சோதனைக் குழாயில் நிறம் பார்த்து எழுதினேன். அண்ணன் சோபாவில் சாய்ந்தபடி தன் நண்பர்களிடம் சொல்வார்:

"மீன் வளக்குறவங்கள பாத்திருப்பீங்க. தண்ணி வளக்குறவள பாத்திருக்கீங்களா? எங்க வீட்டுக்கு வாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன்.

ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேதி, வெப்பம், நிறம் எல்லாம் எழுதினாள். ஸ்பாஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள் என்றேன்.

"வாடகை குடுப்பாங்களா அத்தை?"

"வேல செஞ்சு கழிப்பாங்க."

"அப்ப உங்கள மாதிரி" என்றாள்.

யோசித்துச் சொன்னதல்ல. அவள் யோசிக்காமல் பேசுகிறவள்.

முப்பத்தாறாம் நாள் சோதனைக் குழாயில் நிறம் வரவில்லை. அம்மோனியா இல்லை, அது மாறி உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சும் இல்லை. ஆறு கப்பி, நான்கு மோலி, மூன்று ஏஞ்சல், அடியில் மேயும் ஒரு சாம்பல் மீன், மொத்தம் பதினான்கு. அந்தச் சாம்பல் மீனுக்கு அவள் பெருக்குற மாமா என்று பெயர் வைத்தாள். ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஐந்து மாதம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. புதுத் தொட்டியில் இது எவ்வளவு அரிது என்று உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை.

அதன்பின் தொட்டி அண்ணனுடையதாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் தொட்டியிடம்தான் அழைத்துப் போவார். "நானே செட் பண்ணது. முப்பத்தாறு நாள் சார். அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது. நல்ல பாக்டீரியாவ உள்ள இன்ஜெக்ட் பண்ணணும்." நான் தண்ணீர் டம்ளர்களோடு சமையலறை வாசலில் நிற்பேன். இன்ஜெக்ட் பண்ண முடியாது என்று ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. தவறாகச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் தெளிவைப் பார்ப்பது எனக்கு ஒருவகையில் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பாதித் தண்ணீரை மாற்றுவோம். நானும் ரேடியோவும்தான். அண்ணன் அந்த நேரத்தில் தூங்குவார். நான் ரப்பர் டியூபால் பழைய தண்ணீரை மணலில் தங்கிய கழிவோடு சேர்த்து உறிஞ்சி வெளியேற்றுவேன். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து வைப்பேன். பிறகு குழாயிலிருந்து ஐந்து வாளி புதுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு அது நல்லது, மீனின் செவுளுக்கு நெருப்பு. அதை முறிக்கும் மருந்தை நானே பரிசோதனைக் கூடத்தில் கரைத்து, பழுப்பு நிறச் சொட்டுப் புட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தேன். வாளிக்கு எட்டுச் சொட்டு. அது அவளுடைய வேலை. வேறு யாரும் அந்தப் புட்டியைத் தொடக் கூடாது என்று அவளே சட்டம் போட்டிருந்தாள். ஒவ்வொரு சொட்டையும் வாய்விட்டு எண்ணுவாள். ஐந்து வாளி, நாற்பது சொட்டு. முடிந்ததும் நோட்டில் ஒரு டிக்.

அவளுடைய பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தது. அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு எங்கள் தொட்டி. நான் அரை நாள் விடுப்பு எடுத்துப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக் கறை, பதினொரு தடவை அலசிய மணல், குடித்தனக்காரர்கள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு அளவுகூடத் தவறில்லை. கடைசியில், இதையெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று நடுவராக வந்த ஆசிரியை கேட்டார். அவள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம் வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு, "எங்கப்பா" என்றாள்.

முதல் பரிசு. அண்ணனை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இது பெரிய விஷயமல்ல என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இவளும் வீட்டில் இன்னொரு அண்ணனாக வளர்கிறாள், அவ்வளவுதான், அதை இப்போதே கவனிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். ஓர் ஆசிரியை தப்பைத் திருத்துவது போல.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் பகுதிக்குப் போகும் பெரிய குழாய் உடைந்து, புதுத் துண்டு வைத்து இணைத்திருந்தார்கள். அதைச் சுத்தம் செய்வதற்காகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வழக்கத்தைவிட நான்கு மடங்கு குளோரின் விடப்படும். குடிப்பவர்களுக்கு ஆபத்தில்லை. நாற்றம் மட்டும் இருக்கும். அந்தத் தாளில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.

எங்கள் மருந்து அந்த அளவையும் தாங்கும். கணக்குப் போட்டுத்தான் எட்டுச் சொட்டு வைத்திருந்தேன். நான் எப்போதும் கூடுதலாகவே வைப்பேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முதல் வாளி நிறைந்ததும் ரேடியோ மூக்கைச் சுளித்தாள்.

"தண்ணி நாறுது அத்தை."

"மருந்து போட்டா போயிடும்."

எண்ணிப் போட்டாள். நான் டியூபைப் பிடித்திருந்தேன். பத்து நாற்பதுக்கு ஐந்தாவது வாளியும் உள்ளே போனது. அவள் டிக் அடித்துவிட்டு, தொட்டியின் முன்னால் முகத்தை ஒட்டி உட்கார்ந்தாள். பதினொன்றே காலுக்கு ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து உணவு போட்டாள். பதினொன்றரைக்குக் கப்பிகள் பக்கவாட்டில் சாய்ந்தன. அவள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் குளியலறையில் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாவை எழுப்பினாள். ஒன்று ஐம்பதுக்குப் பெருக்குற மாமா கடைசியாக அடங்கியது. பதினான்கையும் டீ வடிகட்டியால் எடுத்துச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். அழவில்லை. அளவு வாரியாக வைத்தாள். அந்த ஒழுங்கை நான்தான் பழக்கியிருந்தேன்.

அண்ணன் லுங்கியோடு நின்று அந்த வரிசையைப் பார்த்தார். அடுத்த வாரம் அவருடைய முதலாளி தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது.

"மருந்து போட்டியா?"

"போட்டேன்பா. எண்ணிப் போட்டேன்."

"போட்டா எப்படி மொத்தமும் சாகும்? டிவி பாத்துக்கிட்டே டிக் மட்டும் அடிச்சியா?"

"டிவியே போடலப்பா."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு" என்றார் அண்ணி. "இப்பவாவது உண்மையச் சொல்லுடி."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீதானே படிச்சவ."

ஆறு வருடத்தில் முதல் முறை. கூடத்தில் எல்லோரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். பில்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மருந்து போட்டிருந்தா செத்திருக்காது" என்றேன்.

இந்த வாக்கியத்தை உங்கள் தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் பொய் சொல்வதில்லை. என் வேலையில் அதற்கு இடமில்லை.

ரேடியோ என்னைப் பார்த்தாள். "அத்தை, நான் போட்டத நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் டியூபப் புடிச்சிட்டிருந்தேன்."

இதுவும் உண்மை.

அவள் இரண்டு நாள் போட்டேன் போட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் சொன்னாள், சாப்பிடும்போது சொன்னாள், பள்ளி வேனில் ஏறும்போது திரும்பிச் சொன்னாள். செத்த மீன்கூட அண்ணனுக்குப் பெரிதில்லை, மகள் பொய் சொல்லிவிட்டு அதில் பிடிவாதமாக நிற்கிறாள் என்பதுதான் பெரிதாகிவிட்டது. மூன்றாம் நாள் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கடைசி டிக்குக்குக் கீழே, "நான் மருந்து போடவில்லை. பொய் சொன்னேன்" என்று எழுதச் சொன்னார். அவள் என் அறை வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய் எழுதினாள். கையெழுத்து நன்றாகவே இருந்தது. பேனாவை மூடி வைத்தாள். அதன்பின் பேசவில்லை.

நான் அந்தப் பழுப்புப் புட்டியைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். சுத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும்.

முதல் இரண்டு நாள் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "ரேடியோ ரிப்பேரு" என்றார் அண்ணன். "அப்பாடா, காது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றார் அண்ணி. ஒரு வாரம் போனதும் சிரிப்பு நின்றது. தொண்டை மருத்துவரிடம் போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பள்ளியில் உங்களிடம் அனுப்பினார்கள். இப்போது அண்ணன் ஒரு விடுதிப் பள்ளியைக் கண்டுபிடித்திருக்கிறார். பேருந்தில் ஒன்பது மணி நேரம். பொய்யும் பிடிவாதமும் உள்ள பிள்ளைகளை அங்கே திருத்துவார்களாம். திங்கட்கிழமை சேர்க்கிறார்கள். "பொய் சொல்லும் பழக்கம் உண்டு" என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் உடனே இடம் கிடைக்கும் என்று அவர் உங்களிடம் கேட்டது எனக்குத் தெரியும்.

அண்ணன் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. நீங்கள் தண்ணீர் எடுக்க எழுந்து போனபோது கோப்பு திறந்தே இருந்தது. "குழந்தையின் தந்தை ஆசையாக அமைத்த மீன் தொட்டி" என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மோனியா எந்த நிறம் காட்டும் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றையும் பார்த்தேன். அவள் இங்கே வரைந்த படங்களைத் தேதி போட்டுக் கோத்து வைத்திருக்கிறீர்கள். பதினேழு தாள். எல்லாவற்றிலும் புள்ளிகள் மட்டும்தான். ஓரத்தில் உங்கள் பென்சிலில், "மழை. சோகத்தின் வெளிப்பாடு" என்று இருக்கிறது. அண்ணனிடம் காட்டியிருக்கிறீர்கள், அவரும் மழை என்றிருக்கிறார். இத்தனை பெரியவர்கள் பார்த்து, ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பாருங்கள். வரிசைக்கு எட்டு. ஐந்து வரிசை. பதினேழு தாளிலும்.

நீங்கள் இப்போது எண்ணுகிறீர்கள். நல்லது.

மழை இவ்வளவு ஒழுங்காகப் பெய்யாது மேடம். அவள் அறுபத்து மூன்று நாளாக உங்கள் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னைத் தவிர யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு அவள் மேல் பெருமையாகக்கூட இருக்கிறது. நான் பழக்கிய பிள்ளை.

மேடையில் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று என்னிடம் கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அவள் கட்டுரையை என்னிடம் வாசித்துக் காட்டினாள். வரிக்கு வரி அத்தை, அத்தை என்று இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் பெயரை எடுக்காதே, யார் கேட்டாலும் என்னைச் சொல்லாதே, சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினாள். அதை அவள் இவ்வளவு நேராக எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சிரித்தது அதற்காக இருக்கலாம். இருந்தாலும், கேட்பவர் நேராகக் கேட்கும்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழந்தைகளுக்கு உண்மையின் மதிப்பு தெரிய வேண்டும்.

ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்தில் அந்த வரியைத் திருத்துங்கள். தொட்டியை அமைத்தது குழந்தையின் அத்தை என்று எழுதுங்கள். பெருமைக்காகக் கேட்கவில்லை. பதிவு என்றால் சரியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான். திருத்தினால் மிச்சத்தையும் சொல்கிறேன். உங்கள் கடிதத்துக்கு அது தேவைப்படும்.

நன்றி. அடித்துவிட்டு மேலே எழுதினால் போதும்.

மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது ஐந்து நிமிடம் ஆன வேலை. நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். குனிந்து கேட்கிறீர்கள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எனக்கே கேக்கல" என்கிறீர்கள். சத்தமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஜன்னல் பக்கம் பென்சில் சத்தம் நின்றுவிட்டது. முதுகு அப்படியே இருக்கிறது. ஐந்தாவது வரிசையில் எந்தப் புள்ளியில் நிற்கிறாள் என்று தெரியவில்லை.

சரி. சத்தமாகவே சொல்கிறேன்.

"நீ நாப்பது சொட்டும் சரியாத்தான் போட்ட. அந்தப் புட்டியில மருந்தக் கொட்டிட்டு வெறும் தண்ணிய ஊத்தி வச்சது அத்தைதான்."